கொழும்பில் பகிடி, சம்பூரில் கஞ்சி

மேடை நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவைக் கைது செய்தது சரியே என்று காங்கேசன்துறையில் நடந்த கலந்துரையாடல் ஒன்றில் ஒரு நண்பர் அடித்துப் பேசினார். மதத்தைப் பகிடி பண்ணினால் சட்டம் பாயத்தான் வேண்டும் என்பது அவருடைய முதல் நியாயம். அது சிங்களவரின் வீட்டுச் சண்டை, தமிழருக்கு அங்கே என்ன வேலை என்பது இரண்டாவது. முதலாவது பிழை. இரண்டாவது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

2023 ஏப்ரலில் கொழும்பு மேடையொன்றில் புத்தரின் குழந்தைப் பருவத்தைத் தொட்டு நதாஷா ஒரு பகிடி சொன்னார். அது சமூக ஊடகங்களில் பரவி எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் மே மாத இறுதியில், வெளிநாடு செல்ல வந்தவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தார்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அவர்மேல் பாய்ந்தது. அதன் 3ஆம் பிரிவு தண்டிப்பது பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வெறுப்புப் பரப்புரையை. மனம் புண்பட்டது என்ற முறைப்பாடு அதற்குப் போதாது. யாரை அடிக்கும்படி, யாரை விரட்டும்படி நதாஷா சொன்னார்? நண்பரிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தச் சட்டத்தில் பிணை தர மேல் நீதிமன்றத்தால்தான் முடியும். ஜூலை 5 வரை, ஐந்து வாரத்துக்கு மேல், அவர் உள்ளே இருந்தார். தீர்ப்பு வருமுன்பே தண்டனை முடிந்தது.

தமிழருக்கு இதில் வேலையில்லையா? அடுத்த வருடமே, 2024 மே மாதத்தில், சம்பூரில், போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த மூன்று பெண்களையும் ஓர் ஆணையும் பிடித்தார்கள். அவர்கள்மீது காட்டப்பட்டதும் இதே சட்டம்தான். கொழும்பில் பகிடி சொன்னவளுக்காக அன்று வாய் திறக்காதவர்கள், சம்பூருக்காக எந்த நியாயத்தை எடுத்துப் பேசுவார்கள்?

தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரையைப் பற்றிய கேலிச்சித்திரம் வந்தால் நண்பர் பத்துப் பேருக்கு அனுப்புவார். தன் கட்சித் தலைவரை யாராவது வரைந்தால் துரோகி என்பார். கருத்துச் சுதந்திரம் அவருக்குக் கட்சி அட்டையோடு வருகிறது. ‘சிரித்திரன்’ இதழின் சுந்தர் சவாரித்தம்பர், மெயில் வாகனத்தார் என்ற கேலிச்சித்திரப் பாத்திரங்களை வரைந்தபோது யாழ்ப்பாணம் தன்னைப் பார்த்தே சிரித்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டா இந்தப் பேச்சு?

தமிழகத்திலும் இதே வியாதி இருந்தது. 1987இல் அரசியல்வாதிகளைக் கேலி செய்த ஓர் அட்டைப்படப் பகிடிக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டசபை மூன்று மாதச் சிறைக்கு அனுப்பியது. கண்டனம் வலுத்ததால் சில நாட்களில் விட்டார்கள். அந்தக் கைது தவறு என்று 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆளும் தரப்புக்கு வலித்ததைச் சபையின் மானம் என்று சொல்லி ஒருவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். நண்பர் இன்று மதத்தின் பெயரால் கேட்பதும் அதே அதிகாரத்தைத்தான்.

நதாஷாமேல் பாய்ந்த அந்தச் சட்டம் நல்லது என்று இன்னும் நம்புகிறவர் சம்பூருக்குப் போய், அந்த மூன்று பெண்களின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லட்டும்.