பேரைக் கெடுத்தால் கோரிக்கை செத்துவிடுமா?



களங்கப்படுத்துதல் என்ற சொல்லை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். நம் பேச்சில் சொன்னால் 'பேரைக் கெடுக்கிறது'. பலர் இதையும் அவதூறையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

அவதூறு என்பது பொய். மலாயில் பித்னா என்பார்கள். ஆதாரம் கேட்டு மறுக்கலாம்; வழக்கும் போடலாம். பேரைக் கெடுப்பதற்குப் பொய்கூட வேண்டாம். பேசுகிறவனின் கடன், குடி, குடும்பச் சண்டை என ஏதாவது ஓர் உண்மையை எடுத்து வீசினாலே போதும். அவன் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்கக் கூடாது, அதுதான் நோக்கம்.

நம் சிலாங்கூர் வரலாறே இதற்குச் சாட்சி. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, கள்ளுக்கடை மூடல், துரைக்கு முன்னால் சைக்கிளில் போகும் உரிமை. இதில் எது குற்றம்? வெள்ளையர் ஆட்சி அதற்குப் பதில் சொல்லவில்லை. தலைவர் ஆர்.எச்.நாதனைக் கலகம் மூட்டுபவர் என்றது. மே மாதம் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. படையும் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

2007-இலும் அதே கதைதான். நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, இண்ட்ராப் தலைவர்களுக்குப் பயங்கரவாதத் தொடர்பு என்றார்கள். டிசம்பர் 13-இல் ஐவர் இசா சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். 2009-க்குள் அனைவரும் விடுதலையானார்கள். அந்தக் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை.

இன்று கோலசிலாங்கூரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ ஒருவர் வீட்டுப் பிரச்சினையைப் பேசினால், "அவன் வெளியாள்", "அவன் கட்சிக்காரன்" என்பார்கள். உடனே கேளுங்கள்: "அவன் யாராகவும் இருக்கட்டும். சொன்னது சரியா, தவறா?"

ஆனால் ஒன்று. கோயில் கணக்கையோ சங்கக் கணக்கையோ கேட்பது களங்கப்படுத்துதல் ஆகாது. அது நம் உரிமை. கணக்குக் கேட்டவனைத் 'துரோகி' என்பதுதான் களங்கப்படுத்துதல். துரைமார் நமக்குச் செய்ததை நாமே நம்மவருக்குச் செய்யலாமா?

ஆளைப் பார்க்காதீர்கள். கோரிக்கையைப் பாருங்கள்!