இயற்பியலைக் கேட்டே கற்றுவிடலாமோ?

பொருள்களின் இயக்கத்தை ஆயும் அறிவே இயற்பியல். அதனைப் பல்கலைக்கழகங்கள் வெறுஞ் செவிவழிக் கல்வியாகவே நெடுங்காலம் நடத்தி வந்துள்ளன. ஒருவர் மேடையில் நின்று உரைப்பார். இருநூற்றுவர் கைவலிக்க எழுதிக்கொள்வர். தேர்வில் அதனையே திருப்பித் தருவர். இதற்குக் கல்வி என்று பெயர்!

அமெரிக்காவின் ஆர்வார்டுப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இயற்பியல் பயிற்றிவந்த எரிக் மசூர் என்னும் பேராசிரியரும் அவ்வாறே உரையாற்றியவர்தாம். மாணவர் அவரைப் புகழ்ந்தனர். கடுங்கணக்குகளையும் செய்து காட்டினர். 1990-இல், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து எசுட்டனீசு என்பாரின் ஆய்வுரைகள் அவர் கண்ணிற் பட்டன. கணக்கு ஏதுமின்றி, விசையைப் பற்றிய அடிப்படைக் கருத்துகளை எளிய சொற்களால் வினவும் தேர்வொன்றைப் பற்றியவை அவை. பெரிய சரக்குந்தும் சிறிய மகிழுந்தும் மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்தும்? இரண்டும் ஒத்த விசையையே செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அவ்விதியை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்லவரே, சரக்குந்தின் விசைதான் பெரிதென்று விடை எழுதுகின்றனர்! நசுங்குவது மகிழுந்து அன்றோ? விசை ஒத்ததே, நிறை குறைந்தது மிகுந்த முடுக்கம் பெறுகின்றது என்பதுதான் உண்மை.

அத்தேர்வை மசூர் தம் வகுப்பில் வைத்தபோது, அவர் கற்பித்தபடி எழுதுவதா, தமக்குத் தோன்றுகின்றபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் வினவினாராம். கற்றது வேறு, கருதுவது வேறு என்று அதனினும் தெளிவாக யார் சொல்ல வல்லார்?

அதன்பின் மசூர் உரையைச் சுருக்கினார். ஒரு கருத்தை விளக்கி ஒரு வினாவை இடுவார். ஒவ்வொருவரும் தனியே எண்ணி விடை குறிப்பர். வேறு விடை குறித்த பக்கத்தாரோடு வழக்காடுவர். மீண்டும் விடை குறிப்பர். நேற்றுப் புரிந்துகொண்டவனே இன்று புரியாதவனின் இடர்ப்பாட்டை நன்கறிவான். முப்பதாண்டுகட்கு முன் கற்ற பேராசிரியர் அதனை மறந்தே போயிருப்பார். (எண்ணும் மொழி ஒன்றும் வகுப்பு மொழி வேறொன்றுமாக உள்ள நம் கல்லூரிகளில் இவ்வழக்காடல் எம்மொழியில் நடக்கும் என்பது தனியே எண்ணத்தக்கது.)

பென்சில்வேனியாவின் திக்கின்சன் கல்லூரியில் பிரிசில்லா இலாசு என்னும் அம்மையார் 1980களின் பிற்பகுதியில் இன்னும் ஒருபடி மேற்சென்று, விரிவுரையையே நீக்கிவிட்டார். செவிக்கு எட்டா ஒலியால் தொலைவை அளக்கும் கருவியின் முன் மாணவர் நடப்பர்; நடக்க நடக்கக் கணினித் திரையில் கோடு எழும். நின்றால் கோடு கிடையாகும். விரைந்து விலகினால் செங்குத்தாக நிமிரும். திரும்பி வந்தால் இறங்கும். சாய்வுதான் விரைவு என்பதைக் கால்களே கற்றுக்கொள்கின்றன.

இவ்வகை முறைகளைப் பழைய முறையோடு ஒப்பிட்டு, 62 வகுப்புகளின் 6,542 மாணவரைப் பற்றி ஏக்கு என்பார் 1998-இல் ஆய்வு வெளியிட்டார். தொடக்கத்தில் அறியாதிருந்தவற்றுள் உரைகேட்ட வகுப்பினர் கற்றது சராசரியாக 23 விழுக்காடு. வினாவியும் செய்தும் கற்ற வகுப்பினர் கற்றது 48 விழுக்காடு.

ஆயினும் மாணவர் இதனை விரும்புவதில்லை! மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் வட்டமேசை வகுப்புகளை எதிர்த்து 2003-இல் மாணவரே முறையீடு எழுதினர். ஆர்வார்டில் 2019-இல் வெளிவந்த ஆய்வோ, செய்து கற்றவர் மிகுதியாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே கருதினர் என்று காட்டிற்று. தெளிந்த உரையைக் கேட்பவர்க்குத் தாமே தெளிந்துவிட்டதாக ஒரு மயக்கம். தடுமாறிக் கற்பவர்க்கோ ஒன்றும் கல்லாதது போன்ற ஏக்கம். ஆதலின் பருவத் தொடக்கத்திலேயே இவ்வுண்மையை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்று அவ்வாய்வாளர் பரிந்துரைத்தனர். அதற்கு மட்டும் ஒரு விரிவுரை தேவைப்படும் போலும்!