பழைய படகு வாங்கலாமா?

கொடைக்கானலில் இருந்து மேற்கே போனால் பூம்பாறை வரும். அதையும் தாண்டிப் போனால் கூக்கால் வரும். அடுக்கடுக்காகப் பூண்டு வயல்கள். காட்டை ஒட்டி ஓர் ஏரி. கரையில் நின்று பார்த்தால் கண் குளிரும்.

"இந்த ஏரியில் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தால் எப்படி இருக்கும்? குழந்தைகளுடன் போய் வரலாமே!" என்று யாருக்கும் ஆசை வரும். புதுப் படகுக்குப் பணம் நிறைய வேண்டும். ஆகவே பழைய படகு ஒன்றை வாங்கிப் பழுது பார்க்கலாம் என்று மனம் கணக்குப் போடும்.

ஆசை நல்லதுதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வந்த செய்திகளைப் படித்தவர்கள் சற்றுத் தயங்குவார்கள்.

2023 மே 7ந் தேதி கேரளத்தில் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். அது மீன்பிடிப் படகாக இருந்து, உல்லாசப் படகாக மாற்றப்பட்டது.

2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காடு ஏரியிலும் 22 பேர் மாண்டார்கள். உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தினர் மீன்பிடிப் படகில் ஏறிச் சென்றபோது நடந்தது அது.

அப்படியானால் பழைய படகு என்றாலே ஆபத்தா? அதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

மலைக்கு வந்த முதல் படகு

முதலில் ஒரு பழைய கதை.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக வந்தது அல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு துரை 1863இல் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது. ஏரி வந்ததும் படகு வேண்டுமே! தூத்துக்குடியில் இருந்து படகு கொண்டு வந்தார். அந்நாளில் மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கம் இருந்து குதிரைப் பாதையில்தான் ஏறவேண்டும்.

1890இல் அங்கே படகுச் சங்கமும் ஏற்பட்டது. வெகு காலம் அது ஒரு சிலருக்கே உரியதாக இருந்தது. 1932இல்தான் பொதுமக்களுக்கும் படகு விடத் தொடங்கினார்கள்.

கடற்கரைப் படகு மலை ஏறியது இப்படித்தான். கரையில் ஓடாவிகள் இருந்தார்கள். படகு கட்டும் தச்சர்களுக்கு அங்கே அதுதான் பெயர். பலகைகளின் சந்தில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்துச் செய்த படகில் தண்ணீர் புகாது. சில காலம் கழித்து மறுபடியும் செய்வார்கள். படகு பல ஆண்டு உழைக்கும்.

படகுக்கு வயது ஆவது குற்றம் அல்ல. கவனிப்பார் இல்லாமல் கிடப்பதுதான் குற்றம்.

பத்திரிகை விற்ற படகு

சின்னக் குடும்பங்களுக்கும் படகு கிடைக்கவேண்டும் என்று முதலில் நினைத்தவர்களில் ஒரு பத்திரிகையும் உண்டு!

லண்டனில் 'டெய்லி மிர்ரர்' என்ற நாளிதழ் 1960களில் ஒரு படகை வெளியிட்டது. படகுக்கும் 'மிர்ரர்' என்றே பெயர். ஏறக்குறைய 11 அடி நீளம். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, சந்துகளில் நார்த்துணியை வைத்துப் பசையால் ஒட்டவேண்டும். வீட்டுக் கொட்டகையில் அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டிவிடலாம். விலை 63 பவுன் 11 ஷில்லிங். பாய் சிவப்பு நிறம். இதுவரை 70 ஆயிரத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு இன்னும் சின்னப் படகு உண்டு. 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்து கொடுத்தது. 8 அடிக்கும் குறைவான நீளம். எடை 35 கிலோ. உலகம் எங்கும் சிறுவர் சிறுமியர் பாய் பிடிக்கப் பழகுவது இதில்தான்.

நம் சென்னையிலும் இந்தக் கலை உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1911இல் தொடங்கிய பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன், பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. 2021இல் டோக்கியோவிலும், 2024இல் பிரான்சிலும் போட்டியிட்டார்.

பந்தயத்துக்கு உதவாமல் போன சின்னப் படகு, குடும்பத்துக்கு உதவும். வேகம் குறைந்தால் நமக்கு என்ன நஷ்டம்? மலைச் சாலையில் ஏற்றி வருவதற்கும் சின்னப் படகுதான் வசதி.

வாங்குமுன் பாருங்கள்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். படகு வாங்கப் போகிறவர் என்ன பார்க்கவேண்டும்?

உடல்: மரப் படகானால் ஒரு திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை சேரும் இடங்கள், அடிப்பாகம், பாய்மரம் நிற்கும் இடம் ஆகியவற்றை அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரத்தில் முனை இறங்கிவிடும். புதிய பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள். பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கண்ணாடி நார்ப் படகானால் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'தொப் தொப்' என்று கேட்டால் உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது என்று பொருள்.

பாய்: பாய்த் துணியைவிடத் தையல் நூல்தான் வெயிலில் முதலில் கெடும். தையலை நகத்தால் கீறுங்கள். நூல் அறுந்தால் மறுபடியும் தைக்கவேண்டும்.

கயிறும் கம்பியும்: பாய்மரத்தை நிறுத்தும் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். பாய்மரம் விழுந்தால் ஆள் மேல்தான் விழும்.

சுக்கான்: சுக்கானை ஆட்டிப் பாருங்கள். கீல் தளர்ந்திருந்தால் உடனே சரி செய்யுங்கள். சுக்கான் கழன்ற படகு கடிவாளம் இல்லாத குதிரை.

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள். படகு சல்லிசாகக் கிடைத்தது என்று பையைக் காலி செய்துவிடாதீர்கள். கயிறு, பாய், பெயிண்ட், உயிர்காப்புச் சட்டை இவற்றுக்குப் பணம் மிச்சம் வையுங்கள். படகின் விலையைவிடப் பழுதுச் செலவு அதிகம் ஆவதும் உண்டு.

பழுது பார்த்த பிறகு

படகு தயார் ஆகிவிட்டதா? உடனே குழந்தைகளை ஏற்றிவிடாதீர்கள்.

முதலில் கரை ஓரத்தில் ஆள் இல்லாமல் ஓர் இரவு மிதக்க விடுங்கள். காய்ந்து கிடந்த மரப் படகில் முதலில் தண்ணீர் கசியும். மரம் ஊறி உப்பியதும் சந்து மூடிக்கொள்ளும். ஊறிய பிறகும் கசிந்தால், ஓட்டை இருக்கிறது.

அடுத்தது முக்கியமான சோதனை. இடுப்பளவுத் தண்ணீரில், நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இருவர் சேர்ந்து படகை வேண்டும் என்றே கவிழ்த்துப் பாருங்கள். படகு மூழ்காமல் மிதக்கவேண்டும். நிமிர்த்தி மறுபடியும் ஏற முடியவேண்டும்.

மிதக்கவில்லையா? அதற்கு வழி எளிது. ஒரு லிட்டர் காற்று, ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தண்ணீரில் தாங்கும். 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இறுக மூடிக் கட்டினால் சுமார் 20 கிலோ தாங்கும். படகின் இரு பக்கமும், முன்னும் பின்னும் சமமாகக் கட்டுங்கள். அவிழ்ந்து போகாமல் கட்டுங்கள்.

கொன்றது எது?

இப்போது மேலே சொன்ன செய்திகளுக்கு வருவோம்.

தானூர்ப் படகு, ஒரு வேலைக்குக் கட்டி வேறு வேலைக்கு மாற்றிய படகு. மீன்பிடிப் படகில் வலையும் மீனும் கீழே கிடக்கும். பாரம் அடியில் இருக்கும். அதே படகில் மேல்தளம் போட்டு ஆட்களை நிறுத்தினால் பாரம் மேலே ஏறிவிடும். தலையில் குடம் வைத்தவர் கால் இடறினால் என்ன ஆகும்? படகுக்கும் அதே கதிதான். போதாதற்கு அளவுக்கு மேல் ஆட்களையும் ஏற்றினார்கள்.

2009 செப்டம்பர் 30ந் தேதி தேக்கடியில் கவிழ்ந்த படகு பழையது அல்ல. அரசு நிறுவனத்தின் இரண்டு தள உல்லாசப் படகு அது. ஆனாலும் 45 பேர் மாண்டார்கள்.

2024 ஜனவரி 18ந் தேதி குஜராத்தில் வடோதரா நகர ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் சென்ற படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டார்கள். அது கடல் அல்ல, ஆறும் அல்ல. ஊருக்குள் இருக்கும் ஏரி!

இவற்றில் ஒன்று பழைய படகு, ஒன்று புதிய படகு. ஒன்று காயலில், ஒன்று ஏரியில். ஆனால் குற்றம் ஏறக்குறைய ஒன்றே. அளவுக்கு மீறிய கூட்டம். உயிர்காப்புச் சட்டை அணியாத உடல்கள். படகை உண்மையாகச் சோதிக்காத அலட்சியம்.

ஆகவே, "பழைய படகா, புதுப் படகா?" என்ற கேள்வி இரண்டாவதுதான். "சோதித்த படகா? எத்தனை பேர்?" என்பதுதான் முதல் கேள்வி.

11 அடிப் படகில் ஒரு பெரியவரும் இரண்டு பிள்ளைகளும் போதும். "இன்னும் ஒருத்தர்தானே, ஏறட்டும்" என்று மாமா சொல்வார். மறுத்துவிடுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் மாலையில் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்யலாம்.

உயிர்காப்புச் சட்டை படகில் இருந்தால் போதாது. உடம்பில் இருக்கவேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்குப் போடாதீர்கள். தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும். குழந்தை அளவில், காலுக்கு இடையே வார் உள்ள சட்டை வாங்குங்கள்.

மலை ஏரியின் குணம்

மலை ஏரிக்குத் தனிக் குணம் உண்டு. கடற்கரையில் காற்று ஒரு சீராக வரும். மலையில் அது முகட்டில் மோதித் திடீர் என்று திசை மாறும். ஆகவே பாய்க் கயிற்றைக் கட்டிப்போடாதீர்கள். கையிலேயே பிடித்திருங்கள். காற்று மிஞ்சினால் கயிற்றை விடுங்கள். பாய் தளரும், படகு நிமிரும்.

மலைத் தண்ணீர் குளிர்ந்தது. நன்றாக நீந்துகிறவருக்கும் சிறிது நேரத்தில் கை விறைத்துப்போகும். படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். படகைப் பிடித்துக்கொண்டு மிதந்திருங்கள். பனிமூட்டம் இறங்கினால் படகை எடுக்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. வேறு ஏரியில் கிடந்த படகின் அடியில் களைச்செடி ஒட்டிக்கொண்டு வரும். கொடைக்கானல் ஏரிக்குக் களை பெரிய தொல்லை. ஆகவே படகைக் கழுவிக் காயவைத்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள். பழைய பெயிண்டைக் கரையில் சுரண்டாதீர்கள். ஏரித் தண்ணீரை நம்பி வயல்கள் இருக்கின்றன.

யார் பொறுப்பு?

யாரையும் கேட்காமல் ஏரியில் படகு விடலாமா? கூடாது. கொடைக்கானல் மலைக்காடுகள் 2013இல் வனவிலங்குச் சரணாலயம் ஆக்கப்பட்டன. ஊராட்சி, வனத்துறை, பாசன விவசாயிகள் எல்லாருக்கும் ஏரியில் பங்கு உண்டு. அனுமதி வாங்கிய பிறகே படகு வாங்குங்கள். வாங்கிய பிறகு அனுமதி தேடுவது, தாலி வாங்கிய பிறகு பெண் தேடுவது போல.

சட்டமும் மாறி இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. என்ஜின் படகுகளுக்குப் பதிவும் சோதனையும் கட்டாயம். துடுப்பும் பாயும் உள்ள சின்னப் படகுகளைப் பதிவு செய்யும் வேலையை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கவும் அதில் வழி இருக்கிறது.

இது நல்ல வழி. சென்னையிலும் டில்லியிலும் இருக்கும் அதிகாரிக்குக் கூக்கால் ஏரியின் காற்று தெரியாது. ஊராருக்குத் தெரியும். ஊராட்சியில் ஒரு பதிவேடு போதும். படகு எது, சோதித்த நாள் எது, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வைக்கலாம். அந்த எண்ணைப் படகின் பக்கத்திலும் பெரிய எழுத்தில் எழுதவேண்டும். எழுதப் படிக்கக் கற்ற குழந்தையும் அதைப் படித்துவிட்டு, "அப்பா, நாம் நாலு பேர் இருக்கிறோமே!" என்று சொல்லிவிடும்.

பழைய படகு வாங்கலாம். தட்டிப் பார்த்து, தைத்து, பூசி, கவிழ்த்தும் பார்த்த பிறகு ஏறலாம். புறப்படும்போது கரையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். அவர் எண்ணட்டும். மூன்று பேர் போனால், மூன்று பேர் திரும்பவேண்டும்.