பழைய ஸ்போர்ட்ஸ் கார் முதலீடாம்... எந்தப் பேரேட்டில் ஐயா?

நம்மாட்கள் நாலு பேர் கூடினால் முன்னெல்லாம் வீட்டு விலை பேசுவார்கள். அப்புறம் தங்கம். அப்புறம் பிட்காயின். இப்போது இங்கிலாந்தில் இருக்கிற நம்ம ஜனத்துக்குப் பழைய கார் பித்து. "ஒரு எம்ஜிபி வாங்கிப் போடுங்க சார், பத்து வருஷத்துல டபுளாயிரும். ரிட்டயராகி ஊருக்குப் போகும்போது கையோட கொண்டு போயிரலாம்." பொங்கல் விழாவிலும் இதே பேச்சு, வாட்ஸ்அப்பிலும் இதே பேச்சு.

ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், கை கொடுக்கிறேன். முதலீடு என்று சொல்லாதீர்கள். பி.காம். படித்து இருபது வருடமாகக் கடன் மனுக்களைப் புரட்டுகிறவனுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். ஊர்க் காசிலேயே போடுகிறேன். 6 லட்சத்துக்கு ஒரு பழைய கார் வாங்குகிறீர்கள். அதே பணத்தை 7 சதவீத வைப்பில் போட்டிருந்தால் பத்தாவது வருடம் 11 லட்சத்து 80 ஆயிரம். காரை உயிரோடு வைத்திருக்க இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, பெயிண்ட், மெக்கானிக் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60 ஆயிரம் என்று தாராளமாகக் குறைத்தே போடுவோம். அந்தப் பணமும் வட்டிக்கு ஓடியிருந்தால் 8 லட்சத்து 29 ஆயிரம் ஆகியிருக்கும். ஆக, அந்தக் காரை 20 லட்சத்துக்கு விற்றால்தான் சும்மா வங்கியில் தூங்கிய பணத்துக்குச் சமம். டபுள் ஆனாலும் 8 லட்சம் நஷ்டம்! வட்டிக்கு வரி போகுமே என்பீர்கள். கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் தேறாது. விற்கிறவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். "போன வருஷம் ஒருத்தர் இவ்வளவுக்கு வித்தார்" என்பார். விற்காமல் ஷெட்டில் கிடக்கும் பத்துக் கார்களைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

அடுத்தது "ஊருக்குக் கொண்டு போகிறேன்" கதை. இந்தியாவுக்குள் பயன்படுத்திய கார் இறக்க மூன்று வயது வரம்பு இருக்கிறது. வின்டேஜ் வண்டிக்குத் தனி வழி உண்டுதான். ஆனால் சுங்கவரி காரின் விலையையே தாண்டும். அப்படியே கொண்டு போய் இறக்கினாலும், 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி 20 வயது கடந்த இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க மட்டும் 80 ஆயிரம் ரூபாய். உள்ளூர்க் காருக்கு 10 ஆயிரம். 2022க்கு முன்னால் இந்த உள்ளூர்க் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எரியும்.

இங்கே என்ன செய்கிறார்கள்? காருக்கு 40 வயதானால் சாலை வரி கிடையாது. பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால் வருடாந்திரத் தகுதிச் சோதனையிலிருந்தும் 2018 முதல் விலக்கு. பழசை வைத்திருப்பவனுக்கு மரியாதை. நம்மூரில் அபராதம்.

நம்ம அரசும் 2021இல் ஒரு நல்ல காரியம் செய்தது. 50 வயது கடந்த வண்டிக்கு வின்டேஜ் பதிவு. கட்டணம் 20 ஆயிரம், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5 ஆயிரம். அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது, சேஸி, பாடி, எஞ்சினை மாற்றியிருக்கக்கூடாது. சரி, நியாயம். ஆனால் 20க்கும் 50க்கும் நடுவில் இருப்பவை? இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா 1984இல் வந்தது, 2002இல் நின்றது. அதில் முதல் வண்டிக்கே 2034இல்தான் வின்டேஜ் மரியாதை கிடைக்கும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் ஓட்டை வண்டி. பையன்கள் ஆசை ஆசையாக அதை வாங்கி வேறு எஞ்சின் மாட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். ஏலப்பாறைக்காரனுக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி.

ஆமாம், நமக்கு ஊர் ஏலப்பாறை. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகிற வழியில், இரண்டு பக்கமும் தேயிலை, முக்கால்வாசி நாள் மூடுபனி. அங்கே கார் என்றால் ஜீப்தான். லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது காலண்டர் படம். அதனாலேயே "நம்ம நாட்டுல ஏது சார் ஸ்போர்ட்ஸ் கார்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடுகிறோம். ஆட்டாதீர்கள்.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1960களில் ஹெரால்டு கட்டியது. கோவென்ட்ரியின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் அது. வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. 1962இல் உலகமே வாய் பிளந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ன தெரியுமா? ஹெரால்டு சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி மேலே இரண்டு இருக்கை வைத்தது. எலும்பு ஒன்றுதான்! நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். ஹேர்பின் வளைவில் பஸ்காரர் பின்னால் எடுத்துத் திருப்புகிற இடத்தில் இது ஒரே ஒடியில் போய்விடும். சோழவரம் ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டோடு மல்லுக்கு நின்றது இந்த ஹெரால்டுதான். அதை விட்டுவிட்டு, ஸ்பிட்ஃபயருக்கு இங்கே பவுண்டுகளை எண்ணுவதில் என்ன பெருமை?

பட்ஜெட் கிளாசிக் என்றால் என் ஓட்டு ஹெரால்டுக்கு. எல்லா ஹெரால்டும் 50ஐத் தாண்டிவிட்டன, வின்டேஜ் பதிவு கிடைக்கும். ஸ்பிட்ஃபயருக்கும் இதற்கும் பொதுவான உதிரிகள் இங்கே இன்றும் புதிதாக விற்கின்றன. ஒரு எச்சரிக்கை: நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. அதன் பின்கதவு துருப்பிடித்தால் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கோயம்புத்தூரிலோ கோட்டயத்திலோ தகரம் அடிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைப் பிடிக்க வேண்டும்.

அழகைப் பார்த்து ஏமாறுபவர்களுக்கு அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் 2000 ஒரு பாடம். 1985இல் வந்தது. உடம்பு ரோவர் எஸ்டி1, ஐரோப்பாவில் விருது வாங்கிய அழகு. உள்ளே வேன்கார்டு காலத்து 2 லிட்டர் பழைய எஞ்சின். 1988இல் கதை முடிந்தது. அதே போல் கோவாவில் 1998 வாக்கில் வந்த சான் ஸ்டார்ம், இரண்டு இருக்கை, ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சின். துருப்பிடிக்காது, பார்க்க ஜோர். ஒரு கண்ணாடி உடைந்தால் எங்கே போவீர்கள்?

இப்போது பார்க்கப் போகிறவர்களுக்கு. எஞ்சினைப் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சினைச் சரிசெய்ய ஆள் கிடைக்கும், துருவுக்குத்தான் காசு கரையும். எம்ஜிபிக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் உடம்பையே தாங்குகிறது. அது போனால் வண்டி நடுவில் தொங்கும், கதவு சரியாக மூடாது. ஹெரால்டில் உடம்பு போல்ட் போட்டுச் சேஸி மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸியைப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள், உள்ளே இறங்கினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஏலப்பாறை மழையில் தார்ப்பாய் மூடி முற்றத்தில் நிறுத்துவது வண்டியைக் கொல்வதற்குச் சமம், ஈரம் உள்ளேயே நிற்கும். ஷெட் இல்லாதவர் கார் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. முன்சக்கரத்தின் அடியில் பித்தளை ட்ரன்னியன் என்று ஒரு சாமான் உண்டு, ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் போட வேண்டும். நம்மூர் மெக்கானிக் பழக்கதோஷத்தில் கிரீஸ் துப்பாக்கியை எடுப்பார். உள்ளே துருப்பிடித்து ஒருநாள் முன்சக்கரம் முறிந்து மடியும். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு நிஜமான கவலை. பழைய காருக்கு வங்கி வாகனக் கடன் தராது. உடனே ஆட்கள் பெர்சனல் லோன், வீட்டுக் கடனில் டாப்-அப், கடைசியில் சம்சாரத்தின் நகை. பத்து வருடம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் இது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்த அம்மாவுக்கு இன்னும் லயத்து வீடுதான், மகனுக்கு எம்ஜிபி! கேட்டால் முதலீடு. அந்த ஒரு வார்த்தை இருப்பதால்தான் வீட்டில் தட்டிக் கேட்க முடியவில்லை. ஆசை என்று சொன்னால் சம்சாரம் "எவ்வளவு ஆசை?" என்றாவது கேட்பாள் :-)

விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதிக்குள் வருகிற காரைப் பாருங்கள். எடுத்து வைத்தது முதல் இரண்டு வருடத்தில் காலியாகும். முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள், பிறகு கார். ஹெரால்டின் முன்பக்கம், மட்கார்டும் பானெட்டும் ஒன்றாக, அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், சஸ்பென்ஷன், சேஸி நுனி எல்லாம் வெட்டவெளிச்சம். அதைத் திறந்து காட்டாமல் "உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்கிறவரிடம் டீ கொடுத்தால் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.