மார்புக் கட்டும் மௌனக் கட்டும்

பேசத் தகாத பொருளைப் பேச வந்தானே என்று இக்கட்டுரையைக் கண்டதும் முகஞ் சுளிப்போர் சிலர் இருப்பர். அவர்களை நான் குறை கூறவில்லை. சென்ற ஆண்டுவரை நானும் அவர்களில் ஒருவனே. ஆனால், ஒரு மனிதர் என் மேசைக்கு எதிரே அமர்ந்து மூச்சுக்குத் தவித்ததைக் கண்ட பின்னர் வாய்மூடி இருத்தல், சட்டம் படித்தவனுக்கும் அழகன்று. மக்கட்பணி செய்வதாகக் கூறிக்கொள்பவனுக்கும் அழகன்று.

கல்முனைக்குத் தெற்கேயுள்ள கரையோர ஊரொன்றிலிருந்து ஓர் இளைஞர் அடையாள அட்டை விடயமாக என்னிடம் வந்தார். பிறப்புப் பதிவேட்டிலே அவர் பெண். உள்ளத்தாலும் நடையுடையாலும் அவர் ஆண். தமிழகத்திலே திருநம்பி என்னும் சொல்லால் மதிப்போடு அழைக்கப்படுவோருள் ஒருவர். அது சிறுபோக வேளாண்மை வெட்டுக் காலம். கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. வட்டையிலே நெல் மூட்டை ஏற்றும் வேலையை முடித்துக்கொண்டு நேரே வந்திருந்தார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூன்று முறை அவருக்கு மூச்சு வாங்கிற்று.

காரணம் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர் சொன்னார். பாமசியிலே சுளுக்குக்கென்று விற்கும் இழுபடும் கட்டுத்துணியை வாங்கி, மார்பு தட்டையாய்த் தோன்றும்படி சுற்றி இறுக்கிக் கட்டுகின்றாராம். விடியுமுன் கட்டினால், வீட்டார் யாவரும் உறங்கிய பின்னரே அவிழ்ப்பாராம். இப்படியே ஈராண்டுகள். விலாவிலே தோலுரிந்து புண்ணாகியிருந்தது. முதுகு ஓயாமல் வலித்தது. வைத்தியரிடம் போகவில்லையா என்றேன். “கழட்டினா ஊர் பார்க்கும் சேர், கழட்டாட்டி மூச்சு வருகுதில்ல” என்றார்.

இம்மனிதரை நோயாளி ஆக்கியது எது? அவர் கட்டிய துணியா, நாம் கட்டிவைத்திருக்கும் மௌனமா? இதனை அறிவுடையோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் உண்மையை உள்ளபடி அறிவோம். பெண்ணென்று பதியப்பட்டு, தம்மை ஆணாக உணர்வோரும், ஆண் பெண் என்ற இரு வகுப்புக்குள் அடங்காதோரும் எந்த நாட்டிலும் உளர்; எம்மிடையேயும் உளர். அவர்களுட் பலர் மார்பைக் கட்டித் தட்டையாக்குகின்றனர். இது வேடிக்கைக்காகச் செய்யப்படுவதன்று. தம் உடலைத் தாமே காணக் கூசும் துன்பம் ஒருபுறம், வீதியிலே பிறர் கண்ணுக்குத் தப்ப வேண்டிய அச்சம் மறுபுறம். கட்டிய பின்னரே மனம் அமைதியுற்று வெளியே தலைகாட்ட முடிகின்றது என்பர். ஆதலின் “கட்டாதே” என்று கட்டளையிடுவதால் எவரும் கட்டுவதை நிறுத்தார். மறைவிலே இன்னும் இறுக்கிக் கட்டுவர்.

இத்துறையிலே அமெரிக்க ஆய்வாளர் சிலர் மார்பு கட்டும் 1,800 பேரிடம் கேட்டறிந்து 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அவர்களுள் நூற்றுக்கு 97 பேர் ஏதேனும் ஓர் உடற்கோளாறு ஏற்பட்டதாகக் கூறினர். ஏறத்தாழப் பாதிப்பேர் முதுகுவலியையும், மூச்சுத் திணறலையும், உடல் அனல் கொள்வதையும் சொன்னார்கள். கடையில் இதற்கென்றே விற்கும் உட்சட்டையும் தீங்கற்றதன்று என்பதும் அதிலே தெரிந்தது. ஓய்வு நாளின்றி நாள்தோறும் கட்டுவதே பெரும்பாலான கோளாறுகளோடு தொடர்புடையதாய்க் காணப்பட்டது. அதே மக்கள், கட்டுவதால் மனக்கலக்கம் தணிந்து தன்மதிப்பு உயர்ந்தது என்றும் கூறினர். நன்மையும் தீமையும் கலந்திருக்கும் ஒரு காரியத்தில், அறிவுடையோர் செய்யத்தக்கது தீமையைக் குறைப்பதே.

எவ்வாறு குறைப்பது? மறைக்காமல் எழுதுகின்றேன். இதனை வாசிக்கும் ஒருவர் வெட்டி எடுத்து, வேண்டிய ஒருவரிடம் கொடுத்தாலும் போதும்.

சுளுக்குக்குரிய இழுபடும் கட்டுத்துணி ஆகாது. மூச்சை வெளியே விடும்போது அது மார்போடு சேர்ந்து சுருங்கும். மூச்சை உள்ளே எடுக்கும்போது விரிய இடங்கொடாது. ஒட்டுநாடாவும் பிளாஸ்ரிக் தாளும் தோலைக் கிழித்து வியர்வையை அடைத்து வைக்கும். அவற்றையும் விலக்க வேண்டும். உடல் அளவெடுத்துத் தைத்த உட்சட்டை, அல்லது விளையாட்டு வீராங்கனைகள் அணியும் இறுக்கமான உள்ளாடை, இவற்றைவிடச் சிறந்தது. அளவிற் சிறியதை வாங்கி அணிவதும், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அணிவதும் கூடா. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேற்படாமலும், உறங்கும்போது அணியாமலும், கிழமையில் ஓரிரு நாட்களாவது முற்றாக ஓய்வு கொடுத்தும் வருதல் வேண்டும். மூட்டை சுமத்தல், மண்வெட்டி பிடித்தல், ஓடுதல் போன்ற கடும் உழைப்பின்போது அதனைக் கழற்றிவிட்டுத் தளர்ந்த சட்டையொன்றை அணிதலே தக்கது. கழற்றிய பின் ஆழ மூச்செடுத்து, இருமி, தோளையும் முதுகையும் நீட்டி மடக்க வேண்டும். தோலையும் துணியையும் கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் அணிய வேண்டும். வெயிற் காலத்தில் அடிக்கடி தண்ணீர் அருந்த வேண்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், கை விறைப்பு, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே கழற்ற வேண்டும். நீங்காவிடில் தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஈளை நோய் உடையோரும், முள்ளந்தண்டு வளைவுடையோரும், எலும்பு வளரும் பருவத்துப் பிள்ளைகளும் வைத்திய ஆலோசனையின்றிக் கட்டுதல் ஆபத்து.

இவற்றில் வியப்பென்ன இருக்கின்றது? மாடு பூட்டி உழுத காலத்தில், உச்சிப்பொழுதிலே நுகத்தை அவிழ்த்து மாட்டை நிழலிலே கட்டினார்கள் எம் முன்னோர். கழுத்திலே காய்ப்பு விழுந்தால் மறுநாள் ஏர் பூட்டவில்லை. மாட்டுக்குக் காட்டிய அந்த அறிவை மனிதப் பிள்ளைக்குக் காட்டலாகாதா?

ஆனால் இவ்வறிவு எம் மக்களிடம் இல்லை. ஆங்கிலம் தெரிந்தவன் அதனைத் தேடிப் படித்துக்கொள்கிறான். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் எங்கே போவார்? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சுகாதார அமைச்சு இது பற்றிய எளிய துண்டுப் பிரசுரமொன்றைத் தமிழிலே வெளியிட வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று. உரிமை கேட்பதே ஆகும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மார்பைக் கட்டுவதையோ, விரும்பிய உடையை அணிவதையோ குற்றமென்று கூறும் சட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் உள்ள 365, 365அ என்னும் பிரிவுகள் செயல்களைப் பற்றியவை. உடையைப் பற்றியவை அல்ல. அப்பிரிவுகளைத் திருத்தும் தனியார் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தது; ஆயினும் 2024 இல் பாராளுமன்றம் கலையும்வரை அது சட்டமாகவில்லை.

எனினும் பொலிசார் வேறு இரு கருவிகளைக் கையாண்டு வந்துள்ளனர். ஒன்று, 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். மற்றையது, ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் பற்றிய 399 ஆம் பிரிவு. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கை இதனை விளக்கியுள்ளது. சட்டம் படித்தவன் என்ற முறையிலே கேட்கின்றேன்: வஞ்சித்தல் என்பதற்கு வஞ்சிக்கப்பட்டவன் ஒருவன் வேண்டாமா? அவன் இழந்த பொருளோ, அடைந்த தீங்கோ வேண்டாமா? தான் யாரோ அவராகவே வீதியில் நடப்பவர் எவரைப்போல் நடித்தார்? இவ்வினாக்களுக்கு விடையில்லாமல் அப்பிரிவின்கீழ் ஒருவரை மறித்து வைத்தல் சட்டத்தின் பெயரால் சட்டத்தை மீறுவதாகும். சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறும் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை இவர்களை விலக்கி வைக்கவில்லை.

இன்னொன்றையும் மக்கள் அறிய வேண்டும். 2016 இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மனநல வைத்திய நிபுணரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைப் பெறலாம். அதனைக் கொண்டு பிறப்புப் பதிவிலே பாலைத் திருத்திக்கொள்ளலாம். என்னிடம் வந்த இளைஞருக்கு இவ்வழி இருப்பதே தெரியாது. தெரிந்திருப்பின் வைத்தியசாலை வாயிலை ஈராண்டுகளுக்கு முன்னரே மிதித்திருப்பார். அவருடைய விலாவையும் எவரேனும் பார்த்திருப்பர்.

ஆனால் வைத்தியசாலை என்றாலே அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்குக் காரணம் இல்லாமலுமில்லை. 2022 ஆம் ஆண்டில் அக்கரைப்பற்றுப் பெண்ணொருத்தியும், அவளைத் தேடித் தமிழகத்திலிருந்து வந்த பெண்ணொருத்தியும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட செய்தியைப் பத்திரிகைகள் எழுதின. அவ்வழக்கு வேறு, நாம் பேசும் பொருள் வேறு. ஆயினும் அச்செய்தியை வாசித்த எம் பிள்ளைகள், “உண்மையைச் சொன்னால் என்னையும் பைத்தியம் என்பார்கள்” என்றே முடிவு கட்டியிருப்பர். அதே தமிழ் பேசும் கடலுக்கு அக்கரையிலே, இத்தகையோரைக் “குணப்படுத்த” முயலும் வைத்தியத்தைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 இல் பணித்தார். தம் பாலடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 ஆந் தேதி தீர்ப்பளித்தது. அங்கே இயன்றது இங்கே இயலாதது ஏன்?

மார்க்கம் இடங்கொடுக்குமா என்று எம் முஸ்லிம் சகோதரர் கேட்பர். நான் மௌலவி அல்லேன். பத்வா கூறவும் வரவில்லை. உடை பற்றியும் பால் பற்றியும் உலமாக்கள் ஆராயட்டும். பிறப்பிலேயே ஆணா பெண்ணா என்று அறிய இயலாத உடலமைப்புடையோரை “குன்ஸா” என்று அழைத்து, அவர்களுக்குரிய வாரிசுப் பங்கையும் அக்காலச் சட்ட அறிஞர்கள் வகுத்து வைத்தனர். இன்று நாம் பேசுவோர் அவர்களல்லர் என்பதை அறிவேன். ஆயினும் அரிதான ஒரு மனிதரைக் கண்டபோது அவ்வறிஞர் முகத்தைத் திருப்பவில்லை, அமர்ந்து ஆராய்ந்தார்கள். ஷரீஅத் காக்கும் ஐந்தினுள் உயிரும் ஒன்றென்று இமாம் கஸ்ஸாலி எண்ணிக் காட்டியிருக்கின்றார். கொள்கை பற்றி எவ்வளவு கருத்து வேறுபாடு இருப்பினும், ஒரு பிள்ளை மூச்சு முட்டி விழுவது நல்லதென்று கூறும் ஆலிம் ஒருவரும் இரார்.

பெற்றோரின் கலக்கத்தையும் நான் அறியாதவனல்லன். எம் கரையோரத்திலே தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு பெண்பிள்ளைக்கே சேரும் வழமை உண்டு. மகளுக்கென்று சுவர் எழுப்பிய வாப்பாவிடம் அம்மகள் மகனாக வந்து நின்றால், குடும்பத்தின் கணக்கே தடுமாறுகின்றது. வீட்டை இழப்போம் என்ற அச்சம் பிள்ளையின் வாயைக் கட்டுகின்றது. மானம் போகுமென்ற அச்சம் பெற்றோரின் வாயைக் கட்டுகின்றது. பெற்றோருக்கு நான் கூறுவது ஒன்றே. பிள்ளையின் நடையுடை பற்றிய வழக்கை ஆண்டுக்கணக்கில் பேசித் தீர்க்கலாம். விலா எலும்பும் சுவாசமும் தவணை கொடா. இன்றிரவு கதவைத் தட்டி, “கழற்றிவிட்டுப் படு” என்று மட்டுமாவது கூறுங்கள்.

மற்றையோருக்கும் கடமை உண்டு. வைத்தியர்கள், வந்தவரின் இரகசியம் வாயிற் காவலாளிவரை போகாது என்ற உறுதியைச் செயலிலே காட்ட வேண்டும். சட்டத்தரணிகளாகிய நாம், 399 ஆம் பிரிவைக் காட்டி எவரேனும் மறிக்கப்பட்டால் கட்டணம் பாராது பொலிஸ் நிலையம் செல்ல வேண்டும். கமக்காரர், கூலிக்கு வந்தவர் நிழலிலே சற்று ஒதுங்க விரும்பினால் ஏனென்று துருவாமல் விட வேண்டும். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை எம் அயலிலே இருக்கின்றது. முன்புறம் உறுதியான துணியும், முதுகிலும் பக்கங்களிலும் காற்றுப் புகும் நெகிழ்ந்த துணியும் வைத்து, அளவறிந்து ஓர் உட்சட்டை தைப்பது எம் தையற்காரருக்கு அரிய வித்தையன்று. வைத்தியர் ஒருவர் வழிகாட்டினால், வெளிநாட்டுச் சரக்குக்குப் பணம் அனுப்ப இயலாத ஏழைக்கு அது உதவும்.

என்னிடம் வந்தவர் அன்று என் அலுவலக அறையின் கதவைத் தாழிட்டு, கட்டை அவிழ்த்துவிட்டு, தளர்ந்த சட்டையோடு வெளியே வந்தார். மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்து மூச்செடுத்தார். அவரது அடையாள அட்டை வழக்கு இனிமேற்றான் நடக்க வேண்டும். அது நெடுநாள் எடுக்கும். அந்த அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுக்க எச்சட்டமும் தேவைப்படவில்லை. எவ்வமைச்சரின் ஒப்பமும் தேவைப்படவில்லை. ஒரு கதவும், கேள்வி கேளாத ஒரு மனிதனும் போதுமாயிருந்தன. அவ்வளவைத்தானும் கொடுக்க இக்கரையோரத்து ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒருவர் முன்வருவாரா?