ஏ.ஸி. போடலாமா, கூடாதா?

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் போதும், கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு வழக்கு ஆரம்பமாகிவிடும்.

"குழந்தைக்கு வேர்த்துக் கொட்டறதும்மா. கொஞ்ச நேரம் ஏ.ஸி. போடட்டுமா?"

"போடாதேடி! பிள்ளை பெத்த உடம்பு. உனக்கும் ஆகாது, குழந்தைக்கும் ஆகாது. சளி பிடிச்சா யார் பார்க்கறது?"

"சரி, ஃபேனாவது போடட்டுமா?"

"அதுவும் வேண்டாம். ஜன்னலைச் சாத்திட்டு வா."

கடைசியில் பெண் அழ, பாட்டி முணுமுணுக்க, குழந்தை இரண்டு பேரையும் விடப் பெரிய குரலில் கத்தும்! தீர்ப்புச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்கும் சகோதரிகளுக்குப் பதில் இதுதான்: ஏ.ஸி. தாராளமாகப் போடலாம். ஆனால் பாட்டி பயப்படுவதிலும் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் சண்டையே வேண்டாம்.

பாட்டி சொல்வதில் நியாயம் எது?

பெரியவர்களுக்குக் குளிரினால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. அதன் எடைக்குத் தோலின் பரப்பும் அதிகம். அதனால் உடம்புச் சூடு சட்டென்று வெளியேறிவிடும். பிரசவ அறையே 25 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். 18 டிகிரியில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் கம்பளிக்குள் புகுந்துகொண்டால் தொட்டிலில் இருப்பது என்ன செய்யும், பாவம்!

பெண் சொல்வதிலும் நியாயம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு நம்மைப் போல நன்றாக வேர்த்துத் தணித்துக்கொள்ளவும் வராது. 2003-ம் வருஷம் மே 31-ம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் ஜன்னலைச் சாத்தி, குல்லாய், சாக்ஸ், இரண்டு சுற்றுத் துணி என்று குழந்தையைப் பொட்டலம் கட்டினால் வேர்க்குருவோடு போகாது. காய்ச்சல் போல் உடம்பு கொதிக்கும், பால் குடிக்கச் சோம்பும்.

"பிள்ளை பெத்தவளுக்கு ஜன்னி வரும்" என்பதற்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பிரசவமானவர்களைக் கொண்டுபோன ஜன்னி, காற்றினால் வந்ததல்ல, கிருமியினால் வந்தது. 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸெம்மல்வைஸ் என்பவர், பிரசவம் பார்ப்பவர்கள் மருந்துநீரில் கை கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டதும் அங்கே சாவு மளமளவென்று குறைந்தது. ஆகவே பிரசவமானவளுக்குக் காய்ச்சல் கண்டால் ஏ.ஸி.யைத் திட்டிக்கொண்டு உட்காராமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எத்தனை டிகிரி?

கைக்குழந்தை இருக்கும் அறையில் 26-லிருந்து 28-க்குள் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஏ.ஸி. காற்றும் ஃபேன் காற்றும் நேராகக் குழந்தையின் மேல் படக் கூடாது. ஏ.ஸி.யின் வாய்த் தகட்டை மேல்நோக்கித் திருப்பி, தொட்டிலை எதிர்மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

ரிமோட்டில் தெரிவது நாம் கேட்ட குளிர்ச்சிதான். தொட்டில் பக்கம் அதே குளிர்ச்சி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால் எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் குழந்தையைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையால் முதலில் வயிறு, பிறகு உள்ளங்கால்.

* வயிறும் பாதமும் இரண்டும் இதமான சூடாக இருந்தால் குழந்தை சௌக்கியம். ஒன்றும் மாற்ற வேண்டாம்.

* வயிறு சூடு, பாதம் சில்லென்றிருந்தால் அதற்குக் குளிர்கிறது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஏற்றுங்கள். சாக்ஸ் போடுங்கள். மார்போடு அணைத்துப் பால் கொடுங்கள்.

* வயிறும் சில்லென்றிருந்தால் அலட்சியம் கூடாது. ஏ.ஸி.யை நிறுத்தி, குழந்தையைச் சட்டையில்லாமல் உங்கள் மார்பின் மேல் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

* இரண்டும் சுட்டு, முகம் சிவந்து, பிடரி நசநசவென்றிருந்தால் சுற்றியிருக்கும் துணியைக் குறையுங்கள். அப்படியும் சூடு தணியாவிட்டால் தெர்மாமீட்டர் வையுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் என்றால், இரவானாலும் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்லும் கணக்குதான் சரி.

குழந்தைக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். தளர்ந்த போர்வையும் தலையணையும் தொட்டிலில் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். குளிப்பாட்டும்போது ஏ.ஸி.யை நிறுத்தி, ஈரம் போகத் துடைத்து, உடுத்திய பிறகு போடுங்கள். "தாகமா இருக்குமே" என்று ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் புகட்ட வேண்டாம். தாய்ப்பாலே எந்தக் கோடைக்கும் போதும். அடிக்கடி கொடுங்கள். தண்ணீர், மோர் எல்லாம் தாய் நிறையக் குடிக்க வேண்டும்.

சாம்பிராணிப் புகை வேண்டாம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீடுகளில் சுவரில் மாட்டும் ஏ.ஸி. பெரும்பாலும் வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. கதவைச் சாத்திய ஏ.ஸி. அறையில் நெருப்புத் துண்டம் போட்டுச் சாம்பிராணி காட்டினால், அந்தப் புகை அத்தனையும் அங்கேயே சுற்றும். கண்ணுக்குத் தெரியும் புகையைவிட மோசம், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லக்கூடியது.

குழந்தையின் மூச்சுக்குப் புகையே ஆகாது. தலை காய வேண்டுமென்றால் மெல்லிய டவலால் ஒற்றி எடுத்தாலே காய்ந்துவிடும். கொசுவர்த்திச் சுருளும் ஏ.ஸி. அறைக்கு ஆகாது. தொட்டிலுக்குக் கொசுவலை கட்டிவிடுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ வைத்து ஓட்டவே கூடாது. காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து புதுக் காற்றை வரவிடுங்கள்.

பில்லைப் பார்த்து மயங்கி விழாமல் இருக்க

"18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்" என்று பலர் நினைக்கிறார்கள். சீக்கிரம் குளிராது. ஓய்வில்லாமல் ஓடிக் கரண்டைத்தான் குடிக்கும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஏறக்குறைய ஆறு சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020-ம் வருஷம் ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கும் வீட்டு ஏ.ஸி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் வாட்டுவது வெயிலை விடப் புழுக்கம்தான். 1902-ல் அமெரிக்காவில் காரியர் என்ற இளம் இஞ்சினீயர் முதல் ஏர் கண்டிஷனரை அமைத்ததே ஓர் அச்சுக்கூடத்தில் காற்றின் ஈரத்தை அடக்கத்தான். காகிதம் நமுத்துக் கலர் விலகிப் போயிற்றாம்! புழுக்கமான ராத்திரியில் ரிமோட்டில் உள்ள 'டிரை' பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடம்பு நசநசப்பு அடங்கும், செலவும் குறையும்.

புதிதாக வாங்குபவர்கள் "ஒரு டன்" என்றால் மெஷினின் எடை என்று எண்ண வேண்டாம். ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு இழுக்கும் சக்தி. சென்னை ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டப்பட்டது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேர்த்து வைக்கத்தான். அந்தக் கணக்கு இன்னும் நம்மை விடவில்லை, பாருங்கள்! அறையை அளந்து சொல்லி, தேவையான டன் மட்டும் வாங்குங்கள். ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்தோடு வருஷத்தையும் பாருங்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை அளவுகோல் கடுமையாகிறது. பழைய ஐந்து நட்சத்திரம் புதிய ஐந்துக்குச் சமமாகாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காய வைத்து மாட்டுங்கள். கோடைக்கு முன்னால் ஒருமுறை மெக்கானிக்கைக் கூப்பிட்டு முழுவதும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மேற்கு ஜன்னலுக்கு மத்தியானமே கெட்டித் திரை போட்டுவிட்டால் மெஷினுக்குப் பாதி வேலை மிச்சம்.

யாருக்காக அந்த ஏ.ஸி.?

பல வீடுகளில் ஏ.ஸி. ஒரே அறையில்தான். பகலெல்லாம் அடுப்படியில் வெந்து கிடக்கும் இல்லத்தரசி, "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?" என்று ஸ்விச்சைத் தொடமாட்டாள். சாயங்காலம் "அவர் வரட்டும்" என்று காத்திருப்பாள். சகோதரிகளே, வெயில் உச்சியில் இருக்கும் மத்தியான நேரம் ஒரு மணியாவது குழந்தையோடு நீங்களும் படுத்து எழுந்திருங்கள். பால் கொடுக்கும் உடம்புக்கு அது ஆடம்பரமில்லை.

பாட்டியையும் கூடத்தில் விட்டுவிடாதீர்கள். வயசானவர்களுக்குத் தாகமும் சூடும் சட்டென்று உறைக்காது. "எனக்கு ஒண்ணும் வேர்க்கலை" என்று சொல்லிக்கொண்டே சுருண்டுவிடுவார்கள். வெயில் மண்டை பிளக்கும் நாளில் அவருக்கும் அதே அறையில் ஒரு பாய் போடுங்கள். காற்று படாத பக்கமாக, கையில் ஒரு சொம்பு தண்ணீரோடு. குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள். நம்மைவிட அந்தக் கைக்கு அனுபவம் அதிகம்.

அடுத்த இதழில் வேர்க்குருவைப் பற்றிப் பார்ப்போம்.