எந்த ஒரிஜினல்?

ஜவளகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தடியில், 1991ஆம் வருடத்துக் கான்டெஸா ஒன்று தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. மாமா வாங்கிய வண்டி. பாடியில் பெரிய துரு இல்லை, சீட்டுகூட உட்காரும்படி இருக்கிறது. போனது இன்ஜின்தான். ஹெட்டில் விரிசல், ஸ்பேர் கிடையாது. இரண்டு வருடம் ஓசூர், பெங்களூர் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பார்த்தாயிற்று.

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய கார் ரசிகர். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து உருகிவிட்டு, இனோவா இன்ஜின் போடப்போகிறேன் என்றதும் முகம் சுருங்கிப் போனார். “பாஸ், தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணிடாதீங்க. ஒரிஜினாலிட்டி போயிடும்.”

எந்த ஒரிஜினாலிட்டி? அவரிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இங்கே கேட்கிறேன்.

இந்தக் காரின் உடம்பு 1972இல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸ்ஹால் விக்டரின் வழி. அங்கே அதன் காலம் முடிந்த பிறகு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, 1984இல் உத்தர்பாராவில் கான்டெஸா என்று இறக்கியது. உள்ளே வைத்தது அம்பாசிடரில் ஓடிக்கொண்டிருந்த 1489 சிசி இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். இந்தியாவின் மஸில் கார் என்று இன்று ரீல்ஸ் போடுகிறார்களே, அந்த வண்டி பிறந்தபோது மேட்டில் மூச்சு வாங்கியது. 80களின் பிற்பகுதியில் கம்பெனியே அதைக் கழற்றி வீசிவிட்டு ஜப்பானிய இசுசு 1.8 லிட்டர் இன்ஜினைப் பொருத்தியது. நாம் கொண்டாடுவது அந்த வண்டியைத்தான். பிரிட்டிஷ் உடம்பு, ஜப்பானிய இதயம், வங்காளத்துப் பிறப்பு. இதில் ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது?

நம் ஊர்க் கதை இன்னும் சோகம். 1985இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற காரை விட்டது. உடம்பு, 1977இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ பட்டம் வாங்கிய ரோவர் எஸ்டி1. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி8 இருந்தது. இங்கே வைத்தது 1940களின் வேன்கார்ட் கார் வழிவந்த 1991 சிசி கிழவனை. சில வருடங்களில் வண்டி காணாமல் போனது. கம்பெனி எடுத்த முடிவு என்பதால் அது ‘ஒரிஜினல்’ ஆகிவிடுமா? அந்த உடம்புக்கு நியாயம் செய்ய நினைக்கும் ஒருவன் நல்ல இன்ஜின் ஒன்றை வைத்தால் அது மட்டும் பாவமா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். மஸில் கார் யுகத்தைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் 1964 பாண்டியாக் ஜிடிஓ, ஒரு இன்ஜின் மாற்று வேலை. நடுத்தர உடம்புக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. பாண்டியாக் ஆட்கள் பெரிய காரில் இருந்த 389 கன அங்குல இன்ஜினை டெம்பெஸ்ட் காருக்குள் திணித்து, தனி மாடல் என்று சொல்லாமல் ‘ஆப்ஷன் பேக்கேஜ்’ என்று கணக்குக் காட்டினார்கள். விதியை மீறிப் பிறந்த குலத்துக்கு இப்போது பூணூல் போட்டுவிட்டு, தீட்டு பார்க்கிறோம்.

சரி, ரசிகர் வந்தார், போனார். சட்டம் போகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அதே வகை இன்ஜின் என்றால் அனுமதி வாங்கி மாற்றலாம். வேறு வகை என்றால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021இல் வந்த வின்டேஜ் விதி கைகொடுக்குமா? 50 வயது தாண்ட வேண்டும். இன்ஜினும் பாடியும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. முதல் கான்டெஸாவுக்கே 2034இல்தான் 50 ஆகும்.

வேடிக்கை இதுதான்: இன்ஜினை அடியோடு பிடுங்கிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட பேட்டரி கிட் வைத்தால் சட்டம் ஏற்கும். சிஎன்ஜியும் சரி. மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தரும் ஓலாவும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன, எனக்கு அதில் கசப்பு இல்லை. ஆனால் கார்புரேட்டரில் புகை கக்கிய பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில், கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு சுத்தமாக எரியும் பெட்ரோல் இன்ஜின் வைப்பது குற்றம். ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். “டைப் வேறப்பா, ஆகாது. எலக்ட்ரிக் போட்டுக்க.” நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜெர்மனியில் பரிசோதகர் வண்டியைத் தனியாகச் சோதித்து, மாற்றத்தை ஆவணத்தில் ஏற்றித் தருகிறார். பிரிட்டனில் இன்ஜின் மாறினால் உரிமத்துறைக்குத் தெரிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளலாம். நான் கேட்பதும் அவ்வளவுதான். சோதித்துப் பார், தப்பென்றால் மறு. பார்க்காமலே மறுக்காதே.

ஏனென்றால் சோதிக்க வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. இன்ஜினை இறக்கினால் முதலில் ஆயில் சம்ப் முன் கிராஸ்மெம்பரில் இடிக்கும். சம்ப்பை வெட்டி உருவம் மாற்ற வேண்டும், கிராஸ்மெம்பரைத் தொட்டால் ஸ்டியரிங் ஜியாமெட்ரியே கெடும். கார்புரேட்டருக்குப் போதும் பெட்ரோல் பம்ப் இன்ஜெக்‌ஷனுக்குக் காணாது. பல மடங்கு அழுத்தம் தாங்கும் புது லைன் வேண்டும். இனோவா கியர்பாக்ஸையே வைத்தால் ஜாயின்ட் ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் பண்ண வேண்டும். அப்புறம் வயரிங். ஈசியூவும் சாவியின் இம்மொபிலைசரும் ஒன்றையொன்று அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. இவ்வளவும் தெரிந்த கைகள் ஓசூர் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் லேத் பட்டறைகளில் இருக்கின்றன. பகலில் கம்பெனி ஜாப் ஒர்க்கில் மைக்ரான் கணக்குப் பார்ப்பவர்கள், ராத்திரி இதைச் செய்தால் திருடர்களா?

எங்கள் பக்கத்து ஆட்களையும் திட்டித் தீர வேண்டும். இரண்டு மடங்கு சக்தியை ஏற்றிவிட்டு பழைய பிரேக்கோடு ரோட்டில் இறங்கி வீடியோ போடுகிறவர்கள்தான் இந்தச் சட்டத்தின் சிறந்த வக்கீல்கள். ஜவளகிரிக் காட்டு ரோட்டில் வளைவு திரும்பினால் யானை நிற்கும். அங்கே குதிரைத்திறன் உதவாது.

இனோவா இன்ஜின் மெக்கானிக் பாயின் பட்டறையில் கோணிச் சாக்குக்குள் இருக்கிறது. காட்டுக்கு அந்தப் பக்கம் பிடதியில் பிறந்த வண்டியுடையது. சொந்தக்கார இன்ஜின் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தில் அனுமதி கேட்டுப் பதிவுத் தபாலில் மனு அனுப்பியிருக்கிறேன். மறுப்பதானாலும் எழுத்தில் மறுக்கட்டும்.

பாய் நேற்று போன் செய்தார். “என்ன தம்பி, வேலையை ஆரம்பிக்கவா, வேணாமா?”

“பதில் வரட்டும் பாய். அதுவரைக்கும் பிரேக்கைப் பாருங்க.”